அறுந்த நரம்பின் நுனி

திண்டுக்கல்லுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. மலைக்கோட்டை மேல ஏறி நின்னு பார்த்தாலும் ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலைத்தொடர். கடல் கண்ணுக்கு எட்டாது. ஆனாலும் இந்த ஊரில் தூண்டில் பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். சாதாரண நாளில் குளம், கண்மாய், அணைத் தண்ணீர் என்று ஜிலேபிக்கும் விராலுக்கும் உட்காருவார்கள். மாதம் ஒரு தடவை, சனிக்கிழமை ராத்திரி மதுரை, மானாமதுரை, பரமக்குடி வழியா கிளம்பி, விடியும்போது ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் நிற்பார்கள். குளத்துக்கு வாங்கிய அதே ராடு, அதே ரீல், அதே தங்கூசி நரம்பு. இந்தக் குறிப்பு முழுக்க அந்த "அதே"வைப் பற்றித்தான்.

எங்க தெருவில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் இந்தக் கூட்டத்தில் முக்கியமான ஆள். போன தை மாசம் மண்டபத்துக்கு வடக்கே, பாக் ஜலசந்திப் பக்கம், ஒரு கல் தடுப்பிலிருந்து தூண்டில் போட்டிருக்கிறார். உயிர்ச் சாளை இரை. 4 கிலோ தாங்கும் நைலான் நரம்பு, ரீலில் 200 மீட்டர். ஏதோ ஒன்று இரையை எடுத்தது, ஓடியது. அவர் ரீலைத் தொடவில்லை, டிராக்கை முறுக்கவில்லை, கையால் ஸ்பூலை அழுத்தவும் இல்லை. 120 மீட்டர் போல ஓடிய பிறகு சத்தமே இல்லாமல் நரம்பு தளர்ந்துவிட்டது. மொத்தம் 1 நிமிஷம் இருக்கும்.

அன்றையிலிருந்து ஊர் முழுக்க விளக்கம். "சார், நரம்பு மட்டம்." "டிராக் டைட்டா வச்சிருப்பார்." "மீன் முப்பது கிலோ இருக்கும், எந்த நரம்பும் நிக்காது." அவருக்கு ஒரே மனவருத்தம். ஒண்ணுமே செய்யாம ஒரு நரம்பு எப்படி அறும்? பூட்டுக்காரருக்கு இந்தக் கேள்வி கௌரவப் பிரச்சினை. ஏன்னா, வளையம் ஏன் விட்டது, நாக்கு ஏன் மாட்டியதுன்னு காரணம் கண்டுபிடிக்கிறதுதான் அவர் தொழிலே. அவர் மகனுக்கு வேற கேள்வி. எட்டாவது படிக்கிறான். "தாத்தா, அந்த மீன் வாயில முள்ளோட செத்துப் போயிடுமா?" அப்பாவுக்கு மீன் போன கவலை, பையனுக்கு மீன் என்னாச்சுங்கிற கவலை. அவன் அதுக்கப்புறம் அப்பாகூட மீன்பிடிக்க வரமாட்டேன்னு சொல்லிட்டான். ரெண்டு பேருக்கும் பதில் தேடினதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

முதல்ல நரம்பின் நுனியைப் பார்க்கணும். போன மீனைப் பற்றி நம்மிடம் மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான். நல்லவேளை, அவர் வெட்டி எறியாம அப்படியே சுற்றி வைத்திருந்தார்.

கத்தியால் வெட்டினாற்போல நுனி சுத்தமா இருந்தா, பல். வஞ்சிரமும் ஊளியும் அப்படித்தான் பண்ணும். (வஞ்சிரம்னு சென்னைக்காரங்க சொல்றதை ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் சீலான்னும் நெய்மீன்னும் சொல்வாங்க. திண்டுக்கல் மார்க்கெட்டில் எந்த வண்டி எங்கிருந்து வந்ததோ அந்த ஊர்ப் பெயர்.) இந்த ரெண்டு மீனுக்கும் வாய் முழுக்கக் கத்தரி. கம்பி லீடர் இல்லாம நைலானை நீட்டினா, எவ்வளவு தடியான நைலானும் கடியில் போகும். நுனிக்கு மேலே அரை அடி, ஒரு அடி தூரத்துக்கு நரம்பு சொரசொரப்பா, வெள்ளை வெள்ளையா கீறல் விழுந்திருந்தா, பாறையிலோ பவளத்திலோ சிப்பியிலோ உரசியது. நுனி பன்றி வால் மாதிரி இரண்டு மூன்று சுருளாகச் சுருண்டிருந்தா, முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கு. நுனி நீண்டு, மெலிந்து, லேசா வெளுத்திருந்தா, நரம்பு தன் முழு பலத்தையும் கொடுத்துவிட்டு இழுபட்டு அறுந்தது.

நம்மாள் நுனியில் இரண்டரைச் சுருள். கீறல் எதுவும் இல்லை. அப்போ பல் இல்லை, பாறை இல்லை. லீடரையும் நரம்பையும் சேர்க்கிற ஸ்விவலில் போட்ட முடிச்சுதான் விட்டது. இத்தோட "நரம்பு மட்டம்" கட்சி தோற்றது. ஆனா முடிச்சு ஏன் விட்டது? டிராக்கை அவர் 1.5 கிலோவுக்குத்தான் வைத்திருந்தார். நரம்பு பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டிராக் வைக்காதேங்கிறது பொதுவா எல்லாரும் சொல்ற கணக்கு. இவர் அதை விடக் கொஞ்சம்தான் கூட. 1.5 கிலோவில் வழுக்கிக் கொடுக்க வேண்டிய ரீல், 3 கிலோவைத் தாண்டும்வரை எப்படி விட்டது?

டிராக் என்றால் தெரியாதவர்களுக்கு: ரீலுக்குள் ஸ்பூலை அழுத்திப் பிடித்திருக்கிற பிரேக் தட்டுகள். மீன் ஒரு அளவுக்கு மேல் இழுத்தா தட்டு வழுக்கும், ஸ்பூல் சுற்றும், நரம்பு வெளியே போகும். நரம்பு அறுவதற்கு முன்னாலேயே விட்டுக்கொடுக்கிற ஏற்பாடு. கேட்க நல்லா இருக்கு. ஆனா இந்தப் பிரேக் கட்டுப்படுத்துவது நரம்பின் இழுவிசையை அல்ல, ஸ்பூலைத் திருப்புகிற முறுக்கத்தை. இங்கேதான் விஷயம் இருக்கு.

கிணற்று ராட்டினத்தை நினைத்துப் பாருங்க. பெரிய சக்கரத்தின் விளிம்பில் கயிறு இருந்தா லேசாகத் திருப்பலாம். அதே அச்சை மெல்லிய உருளையில் சுற்றிய கயிறால் திருப்பணும்னா மூச்சு வாங்கும். ரீல் நிறைய நரம்பு இருக்கும்போது அது பெரிய சக்கரம். மீன் இழுத்துக்கொண்டு ஓட ஓட ஸ்பூல் காலியாகி, சின்னச் சக்கரமாகிறது. பிரேக் மாறவில்லை, ஆரம் மாறிவிட்டது. அவர் ரீலை அளந்தேன். நிறைந்த ஸ்பூலின் ஆரம் 24 மில்லிமீட்டர். முழுக்கக் காலியானா நடுத்தண்டு 12. 200 மீட்டரில் 120 போயிருந்தா மிச்சம் இருக்கிற சுருளின் ஆரம் கிட்டத்தட்ட 18. 24-ஐ 18-ஆல் வகுத்து 1.5-ஆல் பெருக்குங்க. 2 கிலோ. கடைசிச் சுற்று வரை ஓடியிருந்தா 3 கிலோ. யாரும் தொடாமலேயே டிராக் இரண்டு மடங்காகியிருக்கும். ஓடுகிற மீனைப் பார்த்துப் பதறி டிராக்கை இன்னும் முறுக்குவதுதான் மனுஷ சுபாவம். உண்மையில் நரம்பு குறையக் குறையத் தளர்த்த வேண்டும்.

இரண்டாவது, ராடு. டிராக்கை 1.5 கிலோவுக்கு வைத்தேன்னு அவர் சொன்னது, ரீலிலிருந்து நரம்பை நேரா இழுத்துத் தராசில் பார்த்த கணக்கு. சண்டையில் ராடு நிமிர்ந்து நிற்கும், நரம்பு ஏழெட்டு வளையங்கள் வழியா ஏறி, நுனியில் மடங்கி, கடலுக்குப் போகும். ஒவ்வொரு வளையத்திலும் உரசல். மொத்தமா நரம்பு 90 டிகிரி வளைகிறது. தூணில் ஒரு சுற்று கயிறு போட்டு மாட்டை நிறுத்துகிற அதே தத்துவம், அளவுதான் சின்னது. வளையத்தின் வழவழப்பைப் பொறுத்து, ரீலில் 2 கிலோ இருந்தா ராடு நுனிக்கு அப்பால் கால் பங்கு கூடி 2.5 ஆகும். பழைய, கீறல் விழுந்த வளையமா இருந்தா இன்னும் கூடும். ராடைத் தாழ்த்தி மீனைப் பார்த்து நீட்டினா இந்த உரசல் போய்விடும். ஆனா ராடின் வளைவு தருகிற குஷனும் சேர்ந்தே போய்விடும்.

மூன்றாவதுதான் பலபேர் யோசிக்காதது, தண்ணீர். மீன் நேராக ஓடினா நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வழுக்கிப் போகும், பெரிசா தடை இல்லை. மீன் திசை திரும்பினா நரம்பு வில் மாதிரி வளைந்து, அகலவாக்கில் தண்ணீரைத் தள்ள ஆரம்பிக்கும். கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள நரம்பு தானே, அது என்ன தடைன்னு தோணும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 மீட்டர் நரம்பு முழுவதும் பக்கவாட்டில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்ந்தா, தண்ணீரின் தடை ஏறக்குறைய 0.8 கிலோ. வேகம் இரட்டிப்பானா தடை நான்கு மடங்கு, 3 கிலோவுக்கு மேல். உண்மையில் முழு நீளமும் ஒரே வேகத்தில் பக்கவாட்டில் போகாது, அதனால் இவ்வளவு வராது. ஆனா அரை கிலோ சர்வசாதாரணமா வரும். இந்த அரை கிலோவை ரீல் உணராது. டிராக்குக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. மீன் பக்கத்து முடிச்சு மட்டும்தான் அந்தப் பாரத்தைச் சுமக்கும். முள் பக்கத்து முடிச்சுகள் ஏன் அதிகம் விடுகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூட்டிப் பாருங்க. ரீலில் 2, வளையங்கள் தாண்டி 2.5, தண்ணீரோட 3. முடிச்சு எவ்வளவு தாங்கும்?

அதை மொட்டைமாடியில் சோதித்தோம். பழைய இரும்புக் கடையிலிருந்து அவரே ஒரு வில் தராசு கொண்டுவந்தார். மாடிக் கம்பியில் ஸ்விவலைக் கட்டி, அவர் வழக்கமாகப் போடுகிற முடிச்சைப் போட்டு, மெதுவாக இழுத்தோம். பத்துத் தடவையில் எட்டுத் தடவை 3 கிலோவை ஒட்டியே விட்டது, அதே பன்றி வால் சுருளோட. அடுத்து, முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்து, இரண்டு சுற்று கூடப் போட்டு இழுத்தோம். 3.5 வரைக்கும் போனது. உலர்ந்த நைலானை வேகமாக இறுக்கும்போது உரசல் சூட்டில் அதன் மேற்பரப்பு கெடுகிறது, அவ்வளவுதான் ரகசியம். சும்மா ஒரு சாதா முடிச்சு நரம்பின் நடுவில் விழுந்திருந்தா (காற்றில் வீசும்போது தானாகவே விழும்) பாதி பலம் போயிடும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறிய நரம்பு உலர்ந்ததை விடப் பத்து சதவீதம் போலக் குறைவாகத் தாங்கியது. நைலான் தண்ணீர் குடிக்கிற சாமான். பெட்டியில் 4 கிலோன்னு எழுதியிருப்பது எந்த நிலையில் சோதித்த கணக்குன்னு பார்த்து வாங்கணும்.

ஆக, அதிசயம் எதுவும் நடக்கவில்லை. 3 கிலோ முடிச்சில் 3 கிலோ பாரம். பூட்டுக்காரர் அன்று ராத்திரி நிம்மதியா சாப்பிட்டார்னு அவர் வீட்டம்மா சொன்னாங்க.

ஆனா "முப்பது கிலோ மீன்" பற்றியும் சொல்லியாகணும். விட்ட மீன் ஏன் எப்பவும் பெரிசா இருக்குங்கிறதை ஊரில் கேலியாப் பேசுவாங்க. பொய் சொல்றாங்கன்னு நான் நினைக்கலை. கை அப்படித்தான் உணருது. ராடு ஒரு நெம்புகோல். வழக்கமான நெம்புகோல் நமக்குச் சாதகம், இது மீனுக்குச் சாதகம். ராடின் அடிக்கட்டை வயிற்றில், முன் கை அதிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, நரம்பு இழுக்கிற நுனி 150 சென்டிமீட்டர் தள்ளி. ஐந்து மடங்கு. மீன் 1.5 கிலோ விசையில் இழுத்தா, முன் கையில் 7.5 கிலோ தெரியும். 3 கிலோவில் இழுத்தா 15. கையில் 15 கிலோ கனத்தவன், மீன் சின்னதுன்னு எப்படி நம்புவான்? மீன் இழுக்கிற விசையை வைத்து அதன் எடையைச் சொல்லவும் முடியாது. பாறை மீன் குடும்பத்தில் அஞ்சு கிலோ மீனே இந்த நரம்பைத் திணறடிக்கும். அந்தக் குடும்பத்தில் பெரியது எவ்வளவு வளரும்னா, 2006-ல் ஜப்பானில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 72.8 கிலோ. அது உலக சாதனை. நம்ம கல் தடுப்புப் பக்கம் வருவது அதன் பேரன் பேத்திகள்.

மண்டபத்தில் பக்கத்தில் நின்ற வயதான மீனவர் ஒருவர், "தம்பி, அது பாறை இல்ல, திருக்கையா இருக்கும்"னு சொல்லியிருக்கிறார். திருக்கை என்றால் ஒரே சீரா, லாரி கட்டி இழுத்தாற்போலப் போகும். பாறை தலையை உதறி உதறிப் போகும், ராடு நுனி டங் டங்னு அடிக்கும். இவர் நுனி அடித்தது என்கிறார். என் ஓட்டும் பாறைக்குத்தான்.

இன்னொரு கணக்கும் இங்கேயே சொல்லிடறேன், ஏன்னா மெல்லிய நரம்பில் பாதி மீன் போவது ஓட்டத்தில் இல்லை, கடைசி ஒரு மீட்டரில். தண்ணீருக்குள் 12 கிலோ மீனின் எடை சில நூறு கிராம்தான், காற்றுப்பை உள்ள மீனுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். தண்ணீர் தாங்குகிறது. அதனால்தான் 4 கிலோ நரம்பில் 12 கிலோ மீனைக் களைக்க வைத்துக் கரைக்குக் கொண்டுவர முடியும். கல் மேலிருந்து "வந்துட்டான்டா"ன்னு தூக்கும்போது, உடம்பு தண்ணீரை விட்டு வெளியே வர வர பாரம் கூடி, முழுசா வெளியே வந்த நொடியில் 12 கிலோவும் நரம்பில் ஏறும். உயரமான இடத்தில் நின்று மெல்லிய நரம்பு போடுகிறவர் கீழே இறங்க வழியும், நீளக் கழியில் கைவலையோ கொக்கியோ வைத்திருக்கணும். இல்லைன்னா அந்த இடத்தில் போடக்கூடாது.

இந்தச் சண்டை புதுசு இல்லை. அகநானூற்றின் 36-ஆம் பாட்டில், மதுரை நக்கீரர் பாடியது, ஒரு விரால் இருக்கிறது. இரும்பு முள்ளோடு இரையை விழுங்கிய ஆண் விரால், ஆம்பலையும் குவளையையும் நாசம் பண்ணிவிட்டு, தூண்டில்காரன் இழுத்தும் வராமல், கயிறு மாட்டிய கோபக்காளை மாதிரி காலைக் குளத்தைக் கலக்குகிறது. நத்தம் பக்கம் ஜல்லிக்கட்டு பார்த்தவங்களுக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. எனக்கு இதில் பிடித்தது, புலவர் கவனித்திருக்கிற நுணுக்கம். மீன் செடிகொடிக்குள் புகுவது. குளத்தில் பெரிய விரால் இன்றைக்கும் அதையேதான் செய்யும், கடலில் கலவா மீன் பாறை இடுக்குக்குள் புகும். ரீல் இல்லாத காலத்தில், கையில் கயிறோடு நின்றவனுக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. இழு, அல்லது அறு. (கோபியா என்று உலகம் சொல்லும் பெரிய கடல்மீனுக்குத் தமிழில் கடல் விரால்னு பேர். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் 2010-ல் அதைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். நக்கீரரின் விராலுக்கும் இதுக்கும் உறவு ஒன்றும் இல்லை, உடல்வாகு மட்டும் ஒத்துப்போகும்.)

ரீலும் ராடும் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தவை. சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரியா இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிறகு 1887-ல் ஏரி குளத் தூண்டிலுக்கென்றே இன்னொன்று. நம்ம ஊர்க் குளக்கரையை ஒரு அதிகாரி இவ்வளவு பொறுமையா உட்கார்ந்து கவனித்தது ஆச்சரியம்தான்.

வேண்டுமென்றே மெல்லிய நரம்பில் பெரிய கடல் மீனைப் பிடிப்பது என்கிற விளையாட்டுக்கு முக்கியமான ஊர், கலிஃபோர்னியாவை ஒட்டிய கேட்டலினா தீவு. 1898-ல் சார்லஸ் ஃபிரெடெரிக் ஹோல்டர் அங்கே ஒரு சூரைமீன் சங்கம் தொடங்கினார். கையால் தடிக்கயிறு போட்டு டன் கணக்கில் மீனை அள்ளி வீணாக்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. மீனுக்கும் ஒரு வாய்ப்பு கொடுக்கணும் என்பது அவர்கள் வாதம். அப்போதைய நரம்பு சணல் வகை நார். அதில் வேடிக்கை என்னன்னா, அது நனைந்தால் பலம் கூடும், நம்ம நைலானுக்கு நேர் எதிர். ஆனா ஒவ்வொரு நாளும் வெயிலில் உலர்த்தணும், இல்லைன்னா மக்கிப் போகும். 1939-ல் அமெரிக்காவில் சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் வந்த பிறகு, நரம்பின் பலத்தைக் கிலோவாரியாக வகுத்து, வகுப்புக்கு ஒரு சாதனை என்று வைத்தார்கள். நம்மாள் போட்ட 4 கிலோவும் அதில் ஒரு வகுப்பு. சாதனைக்கு அனுப்பும் நரம்பை அவர்கள் நனைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

மீனுக்கு வாய்ப்பு கொடுப்பது என்கிற இந்த வாதத்தை நான் முழுசா ஏற்கவில்லை. மண்டபத்து மீனவரும் ஏற்கவில்லை. இவர் 4 கிலோ நரம்பைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்டாராம்: "எதுக்குத் தம்பி மீனைப் போட்டு வதைக்கிற? புடிக்கணும்னா புடி, இல்லைன்னா விடு." அவர் தொழிலில் அறுந்த கயிறு என்பது போன முள், போன மீன், போன கூலி. அதனால் தடி நரம்பு, நேரே இழுப்பு, அரை நிமிஷத்தில் முடிவு. விளையாட்டுக்காரர் பார்வையில் அது முரட்டுத்தனம். மீனின் உடம்பு பக்கமிருந்து பார்த்தா கதை வேற.

வேகமா ஓடுகிற மீன் பயன்படுத்துவது வெள்ளைத் தசை. ஆக்சிஜன் காத்திருக்காம உடனே வேலை செய்யும், ஆனா கொஞ்ச நேரத்துக்குத்தான். அதற்குப் பிறகு லாக்டிக் அமிலம் சேர்ந்து ரத்தத்தின் சமநிலை கெடும். சண்டை நீள நீள இது ஏறும். அரை நிமிஷத்தில் விட்ட மீனும் அரை மணி நேரம் இழுத்து விட்ட மீனும் ஒன்றல்ல. நீந்திப் போவதுபோலத் தெரியும், பிறகு மணிக்கணக்கில் செத்தும் போகலாம், சுறாவுக்கு இரையாகவும் போகலாம். நம்ம கடல் மாதிரி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனும் குறைவு, மீள்வது இன்னும் கஷ்டம். மெல்லிய நரம்பு என்றாலே நீளமான சண்டைதான். "வாய்ப்பு கொடுத்தேன்" என்பவர் கொடுத்தது சில சமயம் அதுதான்.

இப்போ பையனின் கேள்விக்கு வர்றேன். அந்த மீன் செத்துருக்குமா?

அவனிடம் சொன்னது இது. ஓட்டம் 1 நிமிஷம்தான், அதனால் களைப்பில் செத்திருக்க வாய்ப்பு குறைவு. முள் எங்கே ஏறியது என்பது முக்கியம். தாடையோரம் என்றால் மீன் பெரும்பாலும் பிழைக்கும். தொண்டைக்கோ குடலுக்கோ போயிருந்தா ஆபத்து. அப்பவும் முள்ளைப் பிடுங்க முயல்வதை விட, நரம்பை வாய் ஓரமாக வெட்டி விட்டால் பிழைக்கிற வாய்ப்பு கூடுதல்னு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இரை வைத்துக் காத்திருக்கிறவர்கள் வளைமுள் என்கிற வட்ட வடிவ முள் போட்டா, அது பெரும்பாலும் தாடை மூலையில்தான் மாட்டும். எல்லாத்தையும் விடக் கொடுமை, மீன் எவ்வளவு நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது என்பது. ஸ்பூல் பக்கம் அறுந்து 120 மீட்டரும் மீனோடு போயிருந்தா, அது எங்காவது பவளத்தில், பாசியில், வலையில் சிக்கி, அந்த மீன் கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்று சாகும். நைலான் கடலில் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும், அடுத்தது ஆமை மாட்டும். இங்கே மீன் பக்கத்து முடிச்சு விட்டதால், போனது ஒரு முள்ளும் இரண்டடி லீடரும்தான்.

பையன் யோசித்துவிட்டு, "அப்போ முடிச்சு விட்டது நல்லதா?"ன்னான். அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆமான்னு சொன்னேன்.

உண்மையில் அதை வேண்டுமென்றே செய்யலாம். வீட்டில் ஃபியூஸ் வைக்கிற மாதிரி. எங்கேயாவது அறுந்துதான் ஆகணும்னா அது மீன் வாய்க்குப் பக்கத்தில் அறட்டும். இப்போ பூட்டுக்காரர் ஏற்பாடு இப்படி: கடலுக்குத் தனி ஸ்பூல், 10 கிலோ நரம்பு, 300 மீட்டர். முள்ளுக்கும் லீடருக்கும் நடுவில் உள்ள முடிச்சு 7 கிலோவில் விடுகிற மாதிரி மாடியில் சோதித்து வைத்திருக்கிறார். மற்ற முடிச்சுகள் எல்லாம் அதுக்கு மேல. டிராக்கை ராடு நுனி வழியா, ராடை நிமிர்த்திப் பிடித்து, தராசில் 2.5 கிலோவுக்கு வைக்கிறார். ஸ்பூலில் பாதி போனதும் ஒரு கால் சுற்று தளர்த்த, 150 மீட்டரில் நரம்பில் சிவப்பு மார்க்கர் கோடு. மெல்லிய 4 கிலோ நரம்பு குளத்து ஜிலேபிக்குத் திரும்பப் போய்விட்டது. அங்கே அது சரியான சாமான்தான். பின்னல் நரம்பு போடலாமேன்னு சிலர் சொன்னாங்க. அதே பலத்துக்குப் பாதித் தடிமன்கூட இருக்காது, தண்ணீர்த் தடை குறையும். ஆனா இழுபடாது, பாறையில் உரசினா உடனே போகும். கல் தடுப்பில் நிற்கிறவருக்கு நைலான் போதும் என்பது என் கருத்து.

பையன் இன்னும் கடலுக்குக் கிளம்பவில்லை. முள் எவ்வளவு நாள் மீன் வாயில் இருக்கும்னு அவனுக்குத் தெரியணுமாம். லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்து மூன்று பாட்டிலில் மூன்று முள் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறான். பழுப்பு நிறப் பூச்சுள்ள சாதா முள், நிக்கல் பூசியது, எவர்சில்வர். மூன்றாவது வாரம் சாதா முள்ளின் கூர் கரைந்து, தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. நிக்கல் முள்ளில் கண் பக்கம் மட்டும் புள்ளி புள்ளியாகத் துரு. எவர்சில்வர் கடையில் வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே மின்னுகிறது. அப்பாவின் பெட்டியிலிருந்த எவர்சில்வர் முள் பாக்கெட் இரண்டையும் அவன் எடுத்து எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டான்.